நின்ற இடத்தில் நடை

கடைக்குச் செல்வதாயினும் கோயிலுக்குச் செல்வதாயினும் ஏறியிறங்கியே ஆகவேண்டிய மலைச்சரிவு மாத்தளை மாவட்டத்து யட்டவத்த. அத்தகைய ஊரிலே, நடப்பதற்கென்று ஒரு பொறியை வீட்டினுள் வைத்திருக்கிறார்கள் என்றால் கேட்போர் நகைப்பது இயல்பே. எனினும் நகைப்பதற்கு முன்னர், அப்பொறியில் நடப்பவர் யாரென அறிதல் வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்துக் கூடையோடு மலையேறிய மூதாட்டி அவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, நீரிழிவும் வந்து சேர்ந்தது. நாள்தோறும் அரைமணி நேரம் சமநிலத்திலே நடக்கவேண்டும் என்றார் மருத்துவர். சமநிலத்துக்கு எங்கே போவது? வடகீழ்ப் பருவமழையில் வழுக்கும் படிகளிலே ஒருமுறை விழுந்தால் பின்னர் எழுவது அரிது. வளைகுடா நாடொன்றிலே தொழில்புரியும் மகன் பணம் அனுப்ப, ட்ரெட்மில் என்று யாவரும் வழங்கும் நடைப்பொறி 2019ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து வந்து முன்னறையில் இடம்பிடித்தது.

இப்பொறியின் பூர்விகம் இனியதன்று. மிதித்தலையும் ஆலையையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையே அதன் பெயர். 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் சிறைக் கைதிகளுக்கென மிதிசக்கரமொன்றை வகுத்தார். நாளெல்லாம் படியேறியும் ஓரடியேனும் உயராத தண்டனை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் பிரித்தானியச் சிறைகளிலிருந்து ஒழிந்தது. பின்னர் 1952இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே மருத்துவர் ரொபேட் புரூசும் பொறியியலாளர் வேய்ன் குவின்ரனும் இதயத்தைப் பரிசோதிப்பதற்கென நடைப்பொறியொன்றை அமைத்தனர். தண்டனை மருத்துவமாயிற்று. பிறர் இலாபத்துக்காக மலையேறிய கால்கள் இன்று தம் உடம்புக்காகவே நடக்கின்றன. யட்டவத்தையிலே அப்பொறிக்குரிய பெருமை அவ்வளவே, அதுவும் சிறிதன்று.

ஆறாம் மாதத்திலே பட்டி முனகத் தொடங்கிற்று. பட்டி என்பது காலடியில் ஓடும் அகன்ற விரிப்பு. அதன் கீழே வழவழப்பான பலகையொன்று உண்டு. ஒவ்வோர் அடிக்கும் உடற்பாரம் பட்டியைப் பலகையோடு அழுத்துகிறது. இடையேயுள்ள எண்ணெய் உலர்ந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் மோட்டர் கூடுதலான மின்னை இழுக்கும். ஈற்றிலே மோட்டரோ அதனை ஆளும் மின்சுற்றுப் பலகையோ எரியும். இஃது அவ்வீட்டார் அறியாதது. சிக்குண்ட முடிக்கும் துருப்பிடித்த பூட்டுக்கும் தேங்காயெண்ணெயே மருந்தென நம்பும் வீடு, அதையே வார்த்துவிட்டார்கள். இரண்டு நாள் ஓசை அடங்கிற்று. பின்னர் தூசு ஒட்டிப் பிசினாகிப் பட்டி இழுபட்டது.

"அப்பாயி, சிலிக்கன் எண்ணெய் மட்டுந்தான் போடணுமாம். புத்தகத்துல இருக்கு" என்றாள் பாடசாலை செல்லும் பேத்தி.

"அத மொதல்லயே வாசிச்சிருக்கலாமே, பாப்பா!"

மின்தொடர்பை அகற்றி, பட்டியைத் தளர்த்தி, பலகையைத் துணியால் துடைத்தெடுக்க ஒரு பகல் சென்றது. அதன்பின் சிலிக்கன் எண்ணெய் சிறிதளவே இட்டு, பொறியை ஆறுதலாக ஓடவிட்டார்கள். இட்ட எண்ணெய் பரவுவதற்கு மெதுநடையே போதும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி வேறுவகைச் சோதனை. மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அம்மாதங்களிலே நடைப்பொறி துணி உலர்த்தும் கொடியாயிற்று. ஓடாத பொறி பழுதடையாது என்பது நம்மவரிடையே உள்ள பெருமயக்கம். மழைக்கால ஈரம் உருளைகளைப் பற்றியது. மோட்டர்ப் பெட்டியினுள் எறும்பும் பல்லியும் குடியேறின. உதிரிப்பாகங்களோ இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் எளிதிற் கிடைப்பனவாக இல்லை. அந்நாள் முதல், நடை முடிந்ததும் செருகியைக் கழற்றிவிடும் வழக்கம் ஏற்பட்டது; மின் மீளும்போது எழும் அதிர்ச்சி மின்சுற்றைத் தாக்கலாமன்றோ! மாதமொருமுறை மூடியைத் திறந்து தூசு நீக்குவதும் பேத்தியின் பொறுப்பாயிற்று.

ஆனால் பழுதை முதலில் அறிபவர் கைநூலை வாசிக்கவியலாத அம்மூதாட்டியே. கொழுந்து நிறுக்கக் காத்துநின்ற காலமெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலைக் கேட்டுப் பழகிய செவி அது. "ஒரு பக்கமா உரசுது" என்பார். பார்த்தால் பட்டி வலப்புறமாக ஒதுங்கியிருக்கும். பின்னுருளையின் இரு முனைகளிலும் திருகாணிகள் உள்ளன. ஒதுங்கிய பக்கத்துத் திருகாணியைக் கால் சுற்று மட்டும் வலஞ்சுழியாக முறுக்கி, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை. பேத்தி முறுக்குவாள், செவிசாய்த்து நின்று, போதும் என்று கையமர்த்துபவர் அப்பாயி.

பின்னர் சேலைத்தலைப்பை இடுப்பிலே இறுகச் செருகிக்கொண்டு பட்டியின் மேல் ஏறுவார். பாதுகாப்புச் சாவியின் கயிறு அவர் சட்டையிலே மாட்டப்பட்டதைக் கண்ட பின்னரே பேத்தி ஆளியைத் தொடுவாள்.