நான் சொன்ன சுளுக்கு

தம்பி மாதிரி பழகும் ஒருவனின் வலது கால் கெட்டதற்கு நான்தான் காரணம். அதை அவனிடம் சொல்லாமல், அவன் வீட்டார் காட்டிய நன்றியையும் வாங்கிக்கொண்டேன். அடிபட்டதைவிட எனக்கு உறுத்துவது அதுதான்.

சேலையூரில் ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடும் எங்கள் கூட்டத்தில் நான் மூத்தவன். யாருக்கு அடிபட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். ஐஸ் வைக்கலாமா, ஸ்ப்ரே போதுமா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. அவன் குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன், வயது முப்பதுக்கு மேல். வாரமெல்லாம் நின்றே வேலை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆவேசமான ஆட்டம். குதிகால் தசைநாண் அதிகம் அறுவது இந்த மாதிரி, முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்குத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நெட் பக்கம் பாய்ந்தவன் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தான். "யாருண்ணே பின்னங்கால்ல பேட்டால அடிச்சது?" பின்னால் யாரும் இல்லை. டப்பென்ற சத்தம் எனக்கும் கேட்டிருந்தது. உட்கார வைத்துத் தடவிப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே, கயிறு மாதிரி விறைப்பாக இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் பள்ளத்தில் இறங்கியது. இறங்கியும், "சுளுக்குதான்டா" என்றேன்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமாண்ணே?"

"நடக்கிறியே, அப்புறம் என்ன? வீணா செலவு வைப்பாங்க."

நானே வண்டியில் ஏற்றிப் புத்தூர் கட்டு போடுகிற ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனேன். என்ன ஆச்சு என்று கட்டுப் போடுகிறவர் கேட்டபோது, அவன் வாயைத் திறக்கும் முன்பே "சுளுக்கு" என்று சொன்னதும் நான்தான். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

நடக்க முடிந்ததால் அறுந்திருக்காது என்று நினைத்தது பெரிய தப்பு. அக்கிலிஸ் எனப்படும் குதிகால் தசைநாண் முழுதாக அறுந்தாலும், கால்விரல்களை மடக்கும் தசைகள் பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்திவிடும். ஆள் விந்தி விந்தி நடப்பான். வலியும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியாது. அவனால் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற முடியவில்லை. பல வாரம் அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்து, எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன்.

எலும்பு மருத்துவர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. குப்புறப் படுக்க வைத்து, பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்க, இடது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். பாதம் கீழ்நோக்கி அசைந்தது. வலதை அமுக்கினார். அசையவே இல்லை. 1957-இல் சிம்மண்ட்ஸும் 1962-இல் தாம்சனும் எழுதிவைத்த சோதனை இது. அரை நிமிஷம்கூட ஆகாது, ஒரு பைசா செலவில்லை.

"சுளுக்குன்னு யார் சொன்னது?" என்று கேட்டார். "நானாத்தான் நினைச்சுக்கிட்டேன் சார்" என்றான் அவன். பக்கத்திலேயே நின்ற நான் பேசாமல் இருந்தேன்.

உடனே வந்திருந்தால் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து மாவுக்கட்டோ பூட்டோ போட்டே சேர வைத்திருக்கலாம். 2022-இல் வெளியான நார்வே ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரு வருடம் கழித்து ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மறுபடி அறுந்தது மட்டும் கத்தி வைக்காதவர்களில் 6.2 சதவீதம், வைத்தவர்களில் 0.6 சதவீதம். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே நான் அவனிடமிருந்து பறித்துவிட்டேன். நாள் கடந்ததால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கி, நடுவில் தழும்புதான் இருந்தது. கால் கட்டைவிரலை மடக்கும் தசைநாணை எடுத்துக் குதிகால் எலும்பில் பொருத்தினார்கள்.

பிறகு வாக்கிங் பூட். குதிகாலுக்கு அடியில் வைத்த ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாதத்தை மெல்ல மெல்லச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தசைநாண் நீண்டு ஆறி, கெண்டைக்காலுக்கு உந்தும் பலம் போய்விடும். அக்கிலிஸ் தசைநாணில் 2024 பிப்ரவரியில் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட கிரிக்கெட் வீரர் முகமது ஷமி, நவம்பரில்தான் ரஞ்சி ஆட்டத்துக்குத் திரும்பினார். கிரிக்கெட் வாரியமே பின்னால் நிற்கிற ஆளுக்கே அத்தனை மாதம். இவன் சம்பளம் போய்விடும் என்று முன்னதாகவே கடைக்குப் போனான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கஸ்டமர் வந்தால் எழுந்துதானே ஆக வேண்டும்.

ஆபரேஷன் செலவில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்யமாட்டாங்கண்ணா" என்று அவன் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். கொடுத்தது அபராதம் என்று எனக்குத் தெரியும். அவளிடம் அது உதவி என்றே இருக்கட்டும் என விட்டது என் கோழைத்தனம். போன வாரம் இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே எழுந்து போய்விட்டாள். மன்னிப்பார்களா என்பது அவர்கள் இஷ்டம்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆடும்போது யாராவது "பின்னால் அடித்த மாதிரி இருந்தது" என்று சொன்னால், தைலம் தேய்க்காதீர்கள், நீவிவிடாதீர்கள், என்னைப் போல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடக்கிறானே என்று நம்பாமல், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.