முடியலை என்று சொல்லப் பழகுதல்

வருகிற செப்டம்பரில் கிளிமஞ்சாரோ ஏறப் போகிறேன். உச்சி 5,895 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான்.

லண்டனில் மலைக்கு எங்கே போவது? பத்துக் கிலோ பையோடு அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறேன். புது பூட்ஸைக் காய்கறிக் கடைக்குக்கூடப் போட்டுப் போய்ப் பழக்கிவிட்டேன். விமானத்திலும் அது காலில்தான் இருக்கும். பெட்டி தொலைந்தால் மற்றதை மோஷியில் வாடகைக்கு எடுக்கலாம், பழகிய பூட்ஸ் கிடைக்காது. ஆறு நாள் பயணத்தை விட்டு எட்டு நாள் பாதையை எடுத்தேன். ஒருநாள் 4,600 மீட்டர் வரை ஏறி, தூங்குவதற்குக் கீழே இறங்கிவிடுவோம். உடம்பு உயரத்துக்குப் பழக அதுவே வழி. மலை உயரத்துக்கென்று தனிக் காப்பீடும் எடுத்தாயிற்று.

பட்டியலைப் பார்த்த மனைவி கேட்டாள்: "தலைவலி வந்தா வழிகாட்டிகிட்ட சொல்வீங்களா?"

பதில் வரவில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போனவன் நான். இருபது வருஷமாக அம்மாவிடம் ஃபோனில் "நல்லா இருக்கேன்" மட்டுமே சொன்னவன். மலையில் மறைத்த தலைவலி மூளை வீக்கத்தில் முடியலாம். அதற்கு முதல் மருந்து, உடனே கீழே இறங்குவது.

பின்வாங்கும் திட்டம் இல்லாத எந்த மென்பொருளையும் நான் வெளியிட விட்டதில்லை. எனக்குத்தான் அப்படி ஒன்று இல்லை.

போன ஞாயிறு அம்மா வழக்கம்போல் கேட்டாள், "எப்படிப்பா இருக்கே?"

"முழங்கால் வலிக்குதும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நல்லெண்ணெய் இருக்கா அங்கே?" என்றாள்.