சின்ன மலைன்னு லேசா நினைக்காதீங்க!

மலை ஏறணும்னா உடனே கொடைக்கானலுக்கு வேன் பேசுறதுதான் காலேஜ் பசங்க வழக்கம். எங்க ஊர் வ. புதுப்பட்டியில அந்தக் கவலையே இல்லை பாஸ்! மொட்டை மாடி ஏறினா மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்கும். அந்த 'வ' என்னன்னு கேக்குறீங்களா? வத்திராயிருப்பு! தமிழ்நாட்டுல புதுப்பட்டிக்கா பஞ்சம்... அடையாளத்துக்கு வேணும்ல!

எங்க ஏரியான்னாலே எல்லாருக்கும் சதுரகிரிதான் ஞாபகம் வரும். 2025ல ரீல்ஸ் புண்ணியத்துல பக்கத்து ஊர் கூமாபட்டியும் ஃபேமஸ் ஆயிடுச்சு. ஆனா, கூட்டம் இல்லாம ஒரு நாள் நடக்கணும்னா என் ஓட்டு ரெண்டு குட்டி மலைகளுக்குத்தான்.

காலையிலேயே பஸ் பிடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிடுங்க. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் பக்கம் திருவண்ணாமலை. கிரிவல ஊர் இல்லீங்க... இது எங்க திருவண்ணாமலை! 'தென் திருப்பதி'ன்னு சொல்ற சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிற குன்று. புரட்டாசி சனிக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. மத்த நாள்ல காத்தும் நீங்களும்தான்.

மேல நின்னு மூச்சு வாங்கிட்டுத் திரும்பிப் பாருங்க. ஒரு பக்கம் ஊரும் கோபுரமும். இன்னொரு பக்கம் பெரிய மலை. நடுவுல கண்மாய், வயல், தோப்பு. காட்டுக்குள்ள நின்னா மரம் மட்டும்தான் தெரியும். சின்ன மலையில நின்னாத்தான் மொத்த மலையும் என்ன வேலை செய்யுதுன்னு புரியும்.

அங்க பெய்யுற மழைதான் எங்க பக்கம் பெரியாறு, கோவிலாறுன்னு இறங்கி பிளவக்கல் அணைகளுக்கு வருது. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தர்ற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும் அய்யனார் கோவில் ஆத்துத் தண்ணிதான். மலையில மப்பு இறங்கினா, களத்துல காயுற நெல்லை அள்ளச் சொல்லுவார் எங்க தாத்தா. சிவில் பசங்களுக்கு ஹைட்ராலஜி கிளாஸ் ஃப்ரீ!

வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கி, 2019ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவை ஒரு கை பார்த்துட்டு ராஜபாளையம் பஸ் ஏறுங்க. ஊரை ஒட்டித் தனியா நிக்குது சஞ்சீவி மலை. அனுமார் தூக்கிட்டுப் போன மலையில இருந்து விழுந்த துண்டுன்னு பெரியவங்க சொல்வாங்க. சாயங்காலம் சூரியன் பெரிய மலைக்குப் பின்னால போகும்போது, அதோட நிழல் ஊர் மேல மெதுவா நகரும். சூப்பர் சீன்!

'அப்படியே பெரிய மலைக்குள்ளயும் போயிடலாமே மச்சி'ன்னு யாராவது கிளம்புவாங்க. வேண்டாம்! 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயமா அறிவிச்ச காடு அது. 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம நுழைஞ்சா கேஸ்தான். அந்த அணில் கிளைக்குக் கிளை தாவி வாழுற ஜீவன். ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிற மரங்கள்தான் அதுக்கு ரோடு. நடுவுல ஒரு மரம் போனா ரோடு கட்!

நம்ம உயிரும் முக்கியம். 2015 மே மாசம் சதுரகிரியில திடீர்னு வந்த காட்டாத்து வெள்ளத்துல பக்தர்கள் சிலர் இறந்துபோனாங்க. கீழ வெயில் அடிக்கும்போதே மேல பெஞ்ச மழை ஓடையில வந்துடும். சதுரகிரிக்குப் போறதா இருந்தா, என்னைக்கு விடுறாங்கன்னு வனத்துறைகிட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க.

குட்டி மலைக்கும் ரூல்ஸ் உண்டு. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தலைக்குத் தொப்பி. காஞ்ச புல்லு ஒரு தீப்பொறியில பத்திக்கும். தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். கொண்டுபோன பாட்டில் உங்ககூடவே கீழ வரணும்.

செமஸ்டர் லீவுல ஒரு நாள் வாங்க. மொத்தச் செலவு பஸ் டிக்கெட்டும் பால்கோவாவும்தான்!