அப்பாவின் சவரக் கத்தி டெல்லிக்குப் போன கதை

1/ எங்க அப்பா செஞ்சியில நாற்பது வருஷம் சலூன் வெச்சிருந்தவர். போன மாசம் டெல்லியில இருக்கிற தங்கச்சி மகனுக்கு மொட்டை. அவங்களுக்கு லீவு கிடைக்கல, நாங்களே போறதுன்னு முடிவாச்சு. தாய் மாமன் மடி என்னுது, கத்தி அப்பாவுது. அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

2/ முந்தின நாள் ராத்திரி அவர் கைப்பையைத் திறந்தேன். வேட்டி மடிப்புக்குள்ள தாத்தா காலத்து மடக்குக் கத்தி. எனக்கு முதல் மொட்டை போட்டதும் அதுலதான். "பெரிய பெட்டியில போட்டா தொலைஞ்சிடும்டா, கையோட இருக்கட்டும்"னார்.

3/ நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. சவரக் கத்தி, தனி பிளேடு, கூர்முனைக் கத்தரிக்கோல் எதுவும் விமானத்துக்குள்ள கொண்டுபோற பையில இருக்கக்கூடாது. செக்-இன்ல போடுற பெட்டியில வைக்கலாம். பிளேடு வெளியே எடுக்க முடியாதபடி பிளாஸ்டிக்குள்ள பதிஞ்ச யூஸ் அண்ட் த்ரோ ரேசருக்குப் பொதுவா தடை இல்லை.

4/ இதைச் சொல்லி, கத்தியை வாங்கி பெட்டியோட சைடு ஜிப்புக்குள்ள செருகிட்டேன். அப்பா அதை வெளிய எடுத்தார்.
"பெட்டியத் தொறந்து பாப்பாங்களா?"
"ஸ்கேன்ல சந்தேகம் வந்தா பாப்பாங்கப்பா."
"அப்போ உள்ள கை விடறவனுக்கு இது இருக்கறது எப்படிடா தெரியும்?"

5/ எனக்குப் பதில் வரல. ஏன்னா அந்தக் கேள்வியை ஏற்கனவே ஒரு தடவை நான் கேட்காம விட்டவன்.

6/ பயிற்சி மருத்துவரா இருந்த காலம். ராத்திரி ரெண்டு மணி, அடுத்தடுத்து ரத்தம் எடுக்கிறேன். ஒரு ஊசியை வெள்ளை டப்பாவுல போடாம, தூக்கக் கலக்கத்துல பக்கத்துல இருந்த குப்பைப் பையில போட்டுட்டேன். காலையில பையைக் கட்டின துப்புரவுப் பணியாளர் அக்கா கையில அது குத்திடுச்சு. அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். அக்கா தடுப்பூசி போட்டதே இல்லை.

7/ தடுப்பூசி போடாதவருக்கு, இப்படி ஒரு ஊசிக் குத்துல ஹெபடைடிஸ் பி தொற்ற வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்ஐவிக்கு சுமார் 0.3 சதவீதம்தான். காய்ந்த ரத்தத்துல கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும். ஊசியோ பிளேடோ, கதை ஒண்ணுதான்.

8/ அன்னைக்கே அக்காவுக்கு இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் போட்டோம். ஆறு மாசம் கழிச்சு நெகட்டிவ்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுவரைக்கும் வார்டுல அவங்க எதிர்ல வந்தா நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். "பரவால்ல தம்பி"ன்னு அவங்கதான் எனக்கு ஆறுதல் சொன்னாங்க.

9/ அப்பா கத்தியை மடக்கினார். திறந்துக்காம நூல் சுத்தினார். கெட்டி அட்டையில உருட்டி, எவர்சில்வர் சோப்பு டப்பாவுல வெச்சு, மேல ரப்பர் பேண்டு. பிளேடு மாத்துற கத்தியும் புது பிளேடு பாக்கெட்டும் அதே டப்பாவுல. "மேல 'கத்தி'ன்னு எழுது. இங்கிலீசுலயும் எழுது"ன்னார். எழுதினேன்.

10/ டெல்லியில டப்பா போட்டபடியே வந்து சேர்ந்துச்சு. என் மடியில மருமகன் அழ, பழைய கத்தியால அப்பா ஒரே ஒரு முடிக்கற்றையை மட்டும் எடுத்தார். அதை மடக்கி வெச்சுட்டு, மீதித் தலைக்குப் புது பிளேடு. நான் சொல்லல. "பழசு பல தலை பாத்ததுடா, பச்சப்புள்ளைக்கு வேணாம்"னு அவரே சொன்னார்.

11/ கைப்பையில கத்தி கூடாதுங்கிற விதி பயணம் செய்யறவங்களுக்காக. டப்பாவும் நூலும் நாம பார்க்கவே போகாத ஒரு கைக்காக. பயணத்துக்கு மட்டுமில்ல, வீட்டுக் குப்பைக்கும் இதேதான். சவர பிளேடு, இன்சுலின் ஊசியை அப்படியே கவர்ல போடாதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு, மூடி, மேல எழுதிக் கொடுங்க.

12/ யாருக்காவது குத்திட்டா, பிதுக்காதீங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நான் எம்பிபிஎஸ் படிச்சு பாஸ் பண்ணின பாடம்தான் இது. அப்பாவுக்கு அது கடையிலேயே தெரிஞ்சிருக்கு. 🙏