ஓசூரில் ஒரு பச்சை அட்டை

கிருஷ்ணகிரி தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரு மாறுதல் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுவரை தமிழில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் சூளகிரி வந்ததும் தெலுங்கில் எழுந்து, ஓசூரில் கன்னடத்தில் இறங்குவார்கள். கண்டக்டர் மட்டும் மூன்று பாஷைக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்: "சில்லறை!"

2025 டிசம்பர் முதல் வாரம். என் மனைவி என்னை ஓசூருக்கு அனுப்பியது கட்டுரை எழுத அல்ல. என் பையில் இரண்டு போட்டோ, ஒரு ஜாதக ஜெராக்ஸ். அவள் தம்பிக்கு வயது 29. டிப்ளமோ முடித்துவிட்டு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. போனில் கல்யாணப் பேச்சை எடுத்தால் சிக்னல் கட்டாகிவிடும். "இந்தத் தடவை அவன் வாயிலிருந்து ஒரு பதில் வாங்காம வராதீங்க" என்பது மேலிடத்து உத்தரவு.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது காலை ஏழு மணி. குளிர். சந்திரசூடேஸ்வரர் மலை பனியில் பாதிதான் தெரிந்தது. எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று, யூனிபாரம் போட்டவர்களை இறக்கி யூனிபாரம் போட்டவர்களையே ஏற்றிக்கொண்டிருந்தன. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்ததும், அசோக் லேலண்ட் வந்ததும் இங்கேதான். அப்புறம் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன். இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஏத்தர் மின் ஸ்கூட்டர், போச்சம்பள்ளிப் பக்கம் 2021-ல் ஓலா. அன்றைக்கு கியரும் போல்ட்டும் செய்த ஊர், இன்றைக்கு உள்ளே ஒரு பச்சை அட்டை இல்லாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. கைக்கடிகாரத்துக்குள்ளே விரல் நகம் அளவில் அதே அட்டைதான்.

மச்சானின் ரூம் பாகலூர் ரோட்டில். கதவைத் திறந்ததும் ஒரு இரும்பு வாசனை.

"பார்த்து மாமா, பக்கெட்டை மிதிச்சுடாதீங்க. ஃபெர்ரிக் குளோரைடு. வேட்டியில பட்டா போகாது."

பக்கெட்டில் வல்லாரைக் கஷாயம் மாதிரி ஏதோ இருந்தது. கட்டிலில் சால்டரிங் அயர்ன். ஜன்னலில் ஒரு இஸ்திரிப் பெட்டி, அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு. போன தீபாவளிக்கு என் மனைவி தம்பிக்கு வாங்கிக்கொடுத்தது.

நான் பி.காம். பற்று, வரவு தவிர மின்சாரத்தில் எனக்குத் தெரிந்தது இ.பி. பில் மட்டும். எனவே மச்சான் எனக்குப் பாடம் எடுத்தான். செப்புத் தகடு ஒட்டிய அட்டை. அதில் நமக்கு வேண்டிய பாதைகளை மட்டும் மூடிவைத்து, மீதிச் செம்பை அந்தக் கஷாயத்தில் கரைத்துவிட்டால் மிஞ்சுகிற கோடுகள்தான் வயர். அதுதான் பி.ஸி.பி. மூடுவதற்கு லேசர் பிரிண்ட்டை அட்டையில் கவிழ்த்து, மேலே இஸ்திரி போடவேண்டும். டோனர் செம்பில் ஒட்டிக்கொள்ளும். (இஸ்திரிப் பெட்டி மர்மம் தீர்ந்தது. வீட்டில் சொல்லவில்லை.)

"இதெல்லாம் ஒண்ணு ரெண்டு போர்டுக்குத்தான் மாமா. இப்ப பன்னெண்டு வேணும்."

இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

ஓசூர் ரோஜா உங்களுக்குத் தெரிந்திருக்கும். தளி, பாகலூர்ப் பக்கம் பாலிதீன் கூடாரங்களுக்குள் தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம் வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரில் கவாத்து பண்ணவேண்டும். அதன்பின் சுமார் 45 நாள் குழந்தை மாதிரி. ராத்திரி கூடாரத்துக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சாணம் வந்து மொக்கு மொக்காக அழுகும். ஒரு தோட்டக்காரர் முந்தின வருஷம் எங்கேயோ ஒரு கன்ட்ரோலர் வாங்கி மாட்டியிருக்கிறார். அதன் முகப்பில் 'அவுட் 1, அவுட் 2' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. இரவு வேலைக்காரர் ஃபேன் என்று நினைத்து ஒரு பட்டனை அமுக்க, அது பனித்தூறல் பம்ப். விடியவிடிய தூறியிருக்கிறது. அந்த வருஷம் அவருக்குக் காதலர் தினம் இல்லை.

மச்சான் அவருக்கு ஒரு பெட்டி செய்துகொடுத்திருந்தான். அது பிடித்துப்போய், பன்னிரண்டு கூடாரத்துக்கும் கேட்டு, 15,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: "பட்டன் பக்கத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் பெருசா எழுதணும்பா. ஸ்டிக்கர் வேணாம், ஈரத்துல உரிஞ்சுடும்."

அங்கேதான் மச்சான் மாட்டிக்கொண்டான். அட்டை வரைய அவன் ஆறு வருஷமாகப் பழகியது ஈகிள் என்ற மென்பொருள். கேட்ஸாஃப்ட் என்ற ஜெர்மன் கம்பெனி 1988-ல் கொண்டுவந்தது. சொந்தமாக எலெக்ட்ரானிக்ஸ் நோண்டுகிற ஆசாமிகளுக்கு உலகம் முழுக்க அதுதான் அரிச்சுவடியாக இருந்தது. 2016-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கி, 2017 ஜனவரியில் 'ஒரு தடவை வாங்கினால் போதும்' என்பதை எடுத்துவிட்டு சந்தா முறையாக்கியது. இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் 80 சதுர சென்டிமீட்டருக்கு மேல் அட்டை வரைய முடியாது. மச்சானுக்கு நான்கு ரிலே, எட்டு வயர் கனெக்டர், மூன்று பாஷை எல்லாம் சேர்த்து 12-க்கு 10, அதாவது 120 சதுர சென்டிமீட்டர். போதாக்குறைக்கு, 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிளின் கணக்கையே முடிப்பதாக அந்தக் கம்பெனி 2023-லேயே அறிவித்துவிட்டது.

"ரெண்டு சின்ன போர்டாப் பிரிச்சு நடுவுல வயர் போட்டுடலாமான்னு பார்க்கிறேன் மாமா. ஆறு வருஷம் வரைஞ்சதெல்லாம் இதுலதான் இருக்கு. விட மனசு வரலை."

பி.காம். படித்ததற்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயன் வந்தது. "மாப்ளே, போன பணம் போனதுதான். அதைப் புது வரவு செலவுல சேர்க்கக் கூடாது. டாலியில போட்ட கணக்கை வேற மெஷினுக்கு மாத்தமுடியுதா முடியலையான்னுதான் பார்க்கணும். வேற என்ன இருக்கு?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினான். பெரிய கம்பெனிகளில் அல்டியம். ஆஸ்திரேலியாவில் 1985-ல் ப்ரோடெல் என்ற பெயரில் பிறந்து, 2024-ல் ஜப்பானின் ரெனெஸாஸ் கைக்குப் போனது. பிரமாதமானது, சந்தா லட்ச ரூபாய்க்கு மேல். "கிராக் பண்ணினது கிடைக்கும் மாமா. ஆனா காசு வாங்கிக்கிட்டு போர்டு கொடுக்கும்போது திருட்டு சாஃப்ட்வேர்னா ராத்திரி தூக்கம் வராது." (அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட். எப்படியும் தூக்கம் வராது.)

அடுத்து ஈஸி ஈ.டி.ஏ. சீனத் தயாரிப்பு. ப்ரௌஸரிலேயே வரையலாம். வரைந்த கையோடு அங்கேயே அட்டையும் பார்ட்ஸும் ஆர்டர் கொடுக்கலாம். பெயருக்கேற்ற மாதிரி ஈஸிதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரே சாயங்காலத்தில் கைவந்துவிடுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. மச்சான் தலையை ஆட்டினான். "கடைக்காரரே பேனா இலவசமாத் தர்றார் மாமா. நல்ல பேனாதான். ஆனா எழுதற நோட்டு அவர் கடையில இருக்கு. நெட் போச்சுன்னா நான் என்ன பண்றது?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ரூமில் நெட் போயிற்று. சத்தியமாக!

கடைசியில் கீகேட். இதன் பூர்வீகம் எனக்குப் பிடித்துப்போனது. பிரான்ஸில் ழான்-பியர் ஷராஸ் என்ற பேராசிரியர் 1992-ல் எழுத ஆரம்பித்தது. 2013 வாக்கில் ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடம், அணுவுக்குள் இருக்கிற அணுத்துகள்களை மோதவிடுகிறார்களே அவர்கள்தான், தங்கள் ஆட்களை வைத்து இதை மெருகேற்ற ஆரம்பித்தார்கள். முழுக்க இலவசம், அளவுக் கட்டுப்பாடு கிடையாது, யாரும் விலைக்கு வாங்கி இழுத்து மூடவும் முடியாது, மூலநிரல் ஊர்ச்சொத்து. நம் ஐ.ஐ.டி. பம்பாய்க்காரர்கள் மாணவர்களுக்காகச் செய்த ஈ-சிம் என்ற மென்பொருளும் இதன் தோளில்தான் நிற்கிறது. 2018-ல் வந்த ஐந்தாவது பதிப்பிலிருந்து ஈகிள் கோப்பைத் திறந்து படிக்கும். 2023-ல் வந்த ஏழாவது பதிப்பிலிருந்து கம்ப்யூட்டரில் உள்ள எந்த எழுத்துருவையும் அட்டையில் அச்சடிக்கும்.

"எந்த எழுத்துருவையும்னா?"

"பார்ப்போம்" என்று தட்டினான். 'தண்ணி' வந்தது. அடுத்து தெலுங்கு 'நீளு', கன்னட 'நீரு'. கொம்பும் சுழியும் இடம் மாறாமல் உட்கார்ந்தன. செர்ன் விஞ்ஞானிகள் பிரபஞ்ச ரகசியத்தை எப்போது கண்டுபிடிப்பார்களோ தெரியாது, ஓசூர் ரோஜாத் தோட்டத்துக்கு உதவிவிட்டார்கள்!

குறை இல்லாமலா? உண்டு. இதில் படத்தில் வருகிற ரெஸிஸ்டர் வேறு, அட்டையில் அது உட்காரும் ஓட்டைகளின் அளவு வேறு. இரண்டையும் நாம்தான் ஜோடி சேர்க்கவேண்டும். ஜோடி தப்பினால் காலி. முன்பு ஒருமுறை டிரான்ஸிஸ்டரில் ஏமாந்திருக்கிறான். பி.ஸி. 547-ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2222-ன் சில பிளாஸ்டிக் வகைகளில் அப்படியே தலைகீழ். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிறவி.

நான் ஜாதக ஜெராக்ஸை எடுக்கச் சரியான நேரம் என்று நினைத்தேன். அவன் அதற்குள் ஈகிள் கோப்பைத் திறந்துவிட்டான். மூன்று ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நடுவே பகலில் உட்கார்ந்து வரைந்தான். 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு மில்லிமீட்டர் இடைவெளி என்று விதி எழுதிவைத்தான். மீறினால் மென்பொருளே அம்புக்குறி போட்டு அலறுகிறது. டிஸைன் ரூல் செக் என்று பெயர். முதல் தடவை 41 அலறல். ஈரக் கூடாரத்தில் கைவைக்கப் போகிறவருக்காக அத்தனையையும் ஒவ்வொன்றாக அடக்கினான்.

சனிக்கிழமை பெங்களூர் எஸ்.பி. ரோடு போனோம், பார்ட்ஸ் வாங்க. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்; ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். ராத்திரி ஷிஃப்ட் முடித்த மச்சான் பஸ்ஸில் ஏறியதும் தூங்கினான். சில்க் போர்டு சிக்னல் அவன் நன்றாகத் தூங்கட்டும் என்று முக்கால் மணி நேரம் கொடுத்தது.

எஸ்.பி. ரோடு என்பது நம் ரிச்சி ஸ்ட்ரீட்டின் கன்னட அவதாரம். ஒரு கடையில் மச்சான் பையிலிருந்து ஒரு தெர்மக்கோல் துண்டை எடுத்தான். மேலே அவன் வரைந்த அட்டை, அசல் அளவில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தது. கடைக்காரர் காட்டும் ஒவ்வொரு பார்ட்ஸையும் காகிதத்தில் அதன் ஓட்டைமேல் குத்திப் பார்த்தான். 'சுகர் க்யூப்' ரிலே, கச்சிதம். ஐ.ஸி. சாக்கெட், கச்சிதம்.

"என்ன சார், கொலு வைக்கிறாரா?" என்றார் கடைக்காரர் என்னிடம், தமிழில்.

எட்டு வயர் கனெக்டர் மட்டும் இறங்கவில்லை. முதல் கால் சரியாக இருந்தது, இரண்டாவதும். கடைசிக் கால் ஓட்டைக்கு வெளியே நின்றது. மச்சான் முகம் வெளிறிப்போயிற்று. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கனெக்டர்கள் இரண்டு ஜாதியாம்: கால்களுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் உள்ளது ஒன்று, 5.08 உள்ளது ஒன்று. இரண்டு காலுக்கு 0.08 தெரியாது. எட்டுக் காலுக்கு ஏழு இடைவெளி. ஏழு எட்டு ஐம்பத்தாறு. அரை மில்லிமீட்டருக்கு மேல் துண்டு விழுகிறது! டிரயல் பாலன்ஸில் 56 பைசா இடித்து விடியவிடியத் தேடியவன் நான், எனக்கா தெரியாது? அட்டை ஆர்டர் போயிருந்தால் பன்னிரண்டும் குப்பை.

திரும்பி வரும் வழியில் இன்னொரு சமாசாரம் சொன்னான். எந்த மென்பொருளில் வரைந்தாலும் தொழிற்சாலைக்கு அனுப்புவது 'கெர்பர்' என்ற கோப்புதானாம். ஜோசப் கெர்பர் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940-ல் அமெரிக்கா போனவர். காலேஜில் படிக்கும்போது கிராஃப் கணக்குக்கு இழுபடுகிற ஸ்கேல் தேவைப்பட்டதாம். பைஜாமாவின் எலாஸ்டிக்கை உருவி, அதில் கோடு போட்டு அளந்திருக்கிறார்! அதிலிருந்துதான் அவர் கம்பெனி வளர்ந்தது. பின்னால் துணி வெட்டும் மெஷின் செய்து கார்மென்ட்ஸ் தொழிலையும் மாற்றினார்கள். நான் என் பேன்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். எனக்கு ஏன் இதெல்லாம் தோன்றுவதில்லை?

ஆர்டர் எங்கே கொடுப்பது என்பதில் ஒரு சின்னச் சண்டை. பத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஐந்து போர்டு இரண்டு டாலர் என்று சீனாவில் ஆசை காட்டுகிறார்கள். நம்முடையது பன்னிரண்டு, விலை எகிறும். கூரியர், கஸ்டம்ஸ், அது வரும் நாள் எல்லாம் சேர்த்து நான் கணக்குப் போட்டேன். பெங்களூரிலேயே ஒரு சின்ன யூனிட்டில் கொடுத்தோம். விலை அதிகம். ஆனால் தப்பு வந்தால் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடலாம்.

ஜனவரி முதல் வாரம் மச்சானிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பச்சை அட்டை, வெள்ளை எழுத்து, மூன்று பாஷை. பக்கத்தில் இரவு வேலைக்காரரின் விரல், 'தண்ணி'க்கு எதிரே உள்ள பட்டனில் சரியாக. பின்னணியில் கவாத்து பண்ணிய செடிகளில் சிவப்பாகத் துளிர்.

என் மனைவி போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இது இருக்கட்டும். பொண்ணு போட்டோவுக்கு என்ன சொன்னான்?"

சொன்னான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் வண்டி ஏறும்போது ஜன்னலோரம் வந்து சொன்னான்: "ரெண்டு பேரையும் ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசணும் மாமா. போட்டோவுல அஞ்சு எம்.எம்.மா, அஞ்சு புள்ளி பூஜ்யம் எட்டான்னு தெரியலை."

இதை அப்படியே எப்படி வீட்டில் சொல்வது? "யோசிக்கிறானாம்" என்று சொல்லியிருக்கிறேன்.