செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது மன்னிப்பா?

"சார், ஒத்துக்கிட்டா எத்தனை மாசத்துல ஊருக்கு அனுப்புவாங்க?"

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் வேலை பார்த்த தமிழ்நாட்டு இளைஞர் வழக்கறிஞரான என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். கல்லாவில் பணம் எடுத்ததாக முதலாளி போலீசில் புகார் கொடுத்திருந்தார். ஊழியர் திருட்டு, தண்டனைச் சட்டம் 381ஆம் பிரிவு. ஒர்க் பெர்மிட் ரத்தாகி, கையில் இருந்தது ஸ்பெஷல் பாஸ். அதில் நாட்டில் தங்கலாம். அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டி.டபிள்யூ.சி.2 அமைப்பின் கஃப் ரோடு இலவச உணவுத் திட்டத்தில் சாப்பிட்டார். வீட்டுக்கு அனுப்ப ஒரு வெள்ளி கிடையாது. இந்த நிலையில் சில மாதச் சிறையே மேல் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. ஞாயிறுதோறும் ஆஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர். "இயேசுவே வாய் திறக்காம நின்னாரு சார். நான் ஏன் வாதாடணும்? முதலாளியை மன்னிச்சிட்டேன்."

நானும் கிறிஸ்தவன். அந்தப் பேச்சை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஏரோதின் முன் இயேசு பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் தலைமைக் குருவின் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, தான் பேசியதில் தவறு என்ன என்று திருப்பிக் கேட்டார். பிலாத்திடம் உண்மைக்குச் சாட்சி சொல்ல வந்ததாகச் சொன்னார். பவுலைப் பாருங்கள். விசாரணையே இல்லாமல் பிலிப்பி நகரில் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அதற்கு முந்தைய இரவில்தான், தன் கால்களைத் தொழுமரத்தில் மாட்டிய சிறைக்காவலனின் உயிரைக் காப்பாற்றியிருந்தார்.

"தம்பி, ஒத்துக்கிட்டா வழக்கின் விவரத்தை வாசிப்பாங்க. நீங்க எடுத்ததா அதுல இருக்கும். எல்லாம் உண்மைன்னு நீதிபதி முன்னால சொல்லணும். அது பொய்ச்சாட்சி இல்லையா?" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

பார்த்தி லியானியின் கதையையும் சொன்னேன். இந்தோனேசியப் பணிப்பெண், சாங்கி விமான நிலையக் குழுமத் தலைவராக இருந்த லியூ முன் லியோங் வீட்டில் வேலை பார்த்தவர். 2016 அக்டோபரில் திடீரென வேலைநீக்கம், டிசம்பரில் அந்த வீட்டில் திருடியதாகக் கைது, 2019இல் 26 மாதச் சிறைத்தண்டனை. கட்டணம் வாங்காமல் வாதாடினார் வழக்கறிஞர் அனில் பால்சந்தானி. 2020 செப்டம்பர் 4 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஓன் லியானியை விடுவித்தார். மனிதவள அமைச்சிடம் அவர் புகார் செய்துவிடக்கூடாது என்ற தகாத நோக்கம் அந்தக் குடும்பத்துக்கு இருந்ததாகத் தீர்ப்பு சொன்னது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வேலையில்லாமல் காப்பகத்தில் காத்திருந்த அந்தப் பெண், முதலாளியை மன்னித்துவிட்டேன், மற்றத் தொழிலாளிகளுக்கு இப்படிச் செய்யாதீர்கள் என்றார். வழக்கை முழுமூச்சாக நடத்தி வென்ற பிறகு வந்த மன்னிப்பு அது. அதனால்தான் அதற்கு அத்தனை எடை.

என் கட்சிக்காரர் குற்றத்தை மறுத்தார். அந்தக் கடையில் கல்லாவுக்கு ஒரே கடவுச்சொல். அது எல்லா ஊழியர்களுக்கும் தெரியும். புகாருக்குச் சில நாள் முன்னால்தான் அவர் ஓவர்டைம் பாக்கியைக் கேட்டிருந்தார். இரண்டையும் எழுதி அரசுத் தரப்புக்கு அனுப்பினேன்.

இதற்கிடையே அந்தப் பாக்கிக்காக முதலாளியுடன் சம்பளச் சமரசப் பேச்சு நடந்தது. "மன்னிச்சிட்டேன்னு சொன்னியாமே, பாக்கியையும் விட்டுடேன்" என்றார் முதலாளி. இவர் நிதானமாகச் சொன்னார்: "திருடன்னு சொன்னதை மன்னிச்சிட்டேண்ணே. சம்பளம் என் பிள்ளைங்களோடது." முழுப் பாக்கியும் வந்தது.

பிறகு அரசுத் தரப்பு குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது; நீதிமன்றம் விடுதலைக்கு ஈடான விடுவிப்பு வழங்கியது. இழப்பீடு கேட்கலாமா என்றேன். அதற்கு, வழக்கே அற்பமானது அல்லது அலைக்கழிக்கப் போடப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். லியானிக்கே 2021இல் அது கிடைக்கவில்லை. வேண்டாம் என்றார். விமானம் ஏறுவதற்கு முன் கடைக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்படி மாட்டிக்கொண்ட தொழிலாளி யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சம்பளக் கோரிக்கையை வேலை முடிந்த 6 மாதத்துக்குள் பதிய வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். குற்றவழக்கு முடியட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டாம்.