எதிரி எழுதி வைத்த ஊர்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், பைரனீஸ் மலைப்பகுதியில் மோந்தாயூ என்று ஒரு குக்கிராமம். ஆரியேழ் மாவட்டம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1300 மீட்டர் உயரம். இன்று அங்கே ஐம்பது பேர்கூட வசிக்கவில்லை. மேட்டில் இடிந்த கோட்டை ஒன்று, கீழே சில வீடுகள். அவ்வளவுதான்!

1300 வாக்கில் இதே ஊரில் சுமார் 250 பேர் இருந்தார்கள். குளிர் அதிகம், திராட்சை விளையாது. தானியம் அரைக்க ஆலை கிடையாது. கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு ஆக்ஸ் என்ற ஊர் வரை போக வேண்டும். ஆடுகள்தான் பெரிய சொத்து. இடையர்கள் மந்தையோடு மலை தாண்டி, இன்று ஸ்பெயினில் இருக்கும் கத்தலோனியா வரை போய் வந்தார்கள்.

இவர்களில் பலர் ரகசியமாகக் கதார் மதத்தைப் பின்பற்றியவர்கள். இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு, ஆன்மா உடல் விட்டு உடல் மாறிப் பிறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய துறவிகள் இறைச்சியைத் தொட மாட்டார்கள். கத்தோலிக்க திருச்சபைக்கு இது மன்னிக்க முடியாத குற்றம். 1308ல் ஊரில் வளர்ந்தவர்கள் அத்தனை பேரையும் கைது செய்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஊர்ப் பாதிரியார் பியர் கிளெர்க்கே ரகசிய கதார். ஆனால் விசாரணைக்காரர்களுக்கு ஆள் காட்டிக் கொடுத்ததும் அவரேதான். கடைசியில் அவரும் சிறையில்தான் இறந்தார்.

பிறகு வந்தவர் பாமியே நகரத்து ஆயர் ழாக் ஃபூர்னியே. 1318 முதல் 1325 வரை 370 நாட்கள் உட்கார்ந்து, 578 விசாரணைகள் நடத்தினார். அடி உதையைவிட ஓயாத கேள்விகளைத்தான் நம்பினார். யார் வீட்டு அடுப்பங்கரையில் யார் என்ன பேசினார்கள், வெயிலில் உட்கார்ந்து யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள் என்பது வரை கேட்டார். ஜனங்கள் ஆக்சிதான் மொழியில் சொன்னதை எழுத்தர்கள் லத்தீனில் எழுதினார்கள். சிலருக்குச் சிறை, சிலருக்கு உடையில் மஞ்சள் சிலுவை. ஐந்து பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

1334ல் ஃபூர்னியே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார். அவருடைய பதிவேடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதை வைத்து எம்மானுவேல் லெ ருவா லாதுரி 1975ல் எழுதிய 'மோந்தாயூ' என்ற நூலால் இந்த ஊர் உலகப் புகழ் பெற்றது.

அரசர்களுக்கு வரலாறு எழுத ஆள் இருந்தது. ஆடு மேய்த்த பியர் மோரிக்கு யார் இருந்தார்கள்? அவரைச் சிறையில் தள்ளியவர்தான் அவர் பேச்சையும் 700 வருடம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். இதற்காக அந்த ஆயருக்கு நன்றி சொல்வதா, வேண்டாமா?